கணவன் மனைவி கவுன்சலிங்: பதினோரு தடவை போய் வந்ததில் பார்த்தது

"கடைசியா அந்த மேடம் யார் மேல தப்புன்னு சொன்னாங்க?"

போன மாதம் தாராபுரத்தில் ஒரு விசேஷ வீட்டில் பந்தியை விட்டு எழுந்து கை கழுவும்போது என் சகலை கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். 2024 ஆகஸ்டில் ஆரம்பித்து 2025 பிப்ரவரி வரை நானும் என் மனைவியும் திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் போய் பதினோரு அமர்வு உட்கார்ந்தோம். மொத்தம் 19,300 ரூபாய் கட்டினோம். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. முதல் இரண்டு தடவை அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பிரச்சினை சுருக்கமாக. நான் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மனைவி மெட்ரிக் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எட்டு வயதில் பாப்பா இருக்கிறாள். அம்மா எங்களோடு இருக்கிறார். என் தம்பி ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறான். அவனுக்கு ஆர்டர் நின்றுபோன சமயத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்த கணக்கிலிருந்து 3 லட்சம் எடுத்துக் கொடுத்தேன், மனைவியிடம் சொல்லாமல். இடம் வாங்க அவள் சம்பளத்தில் மாதாமாதம் போட்டு வந்த பணம் அதில் பாதிக்கு மேல். பேங்க் மெசேஜ் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் கேட்பாள், நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் குரல் உயரும், நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். இரண்டு வருஷம் இதே கதை. ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தொன்பது நாள் வரவில்லை.

அப்புறம் பஞ்சாயத்து. என் பெரிய மாமாவும் அவள் சித்தப்பாவும் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். பாப்பா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை சொல்லாம குடுத்தது தப்பு, பொண்ணு வீட்டை விட்டுப் போனது தப்பு" என்று இரண்டு பக்கமும் சமமாகத் தப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பி வந்தாள். வந்த பிறகு வீட்டில் பேச்சே நின்றுபோனது. ஒரு ராத்திரி துணி மடித்துக்கொண்டே, "மாமா, இனிமே யாரையும் கூட்டி உக்கார வெச்சுப் பேச வேண்டாம். நமக்குத் தெரியாத ஒருத்தர்கிட்டப் போலாம். வர்றீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

முதலில் போன இடம் இப்போது நான் எழுத வந்த இடம் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது இடத்தின் அருமை தெரியாது. ஒருவர் கவுன்சலர் என்று பலகை போட்டிருந்தார். 45 நிமிடம், 1,000 ரூபாய். சொந்த ஊர் எது, "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்ட பிறகுதான் பேச்சையே ஆரம்பித்தார். நான் பேசியதைக் கேட்டார், அவள் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்து, "ஆம்பளைன்னா தம்பிக்குச் செய்யத்தான் செய்வாங்க, நீங்கதான் விட்டுக் குடுத்துப் போகணும்மா" என்று முடித்துவிட்டார். எனக்குச் சாதகமான தீர்ப்பு. படி இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பஞ்சாயத்து நடந்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என் பக்கம் பேசியவர் என் குடும்பத்துக்குக் கெடுதல் செய்துவிட்டார் என்று அந்தப் படியிலேயே புரிந்தது.

இரண்டாவது ஆளைத் தேடும்போது மனைவி ஒரு நோட்டில் கேள்வி எழுதி வைத்துக்கொண்டு போன் பண்ணினாள். என்ன படித்திருக்கிறீர்கள், தம்பதிகளைச் சேர்த்து வைத்துப் பேசும் முறையில் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, முழுக்கத் தமிழில் பேச முடியுமா, ஒருவர் தனியாகச் சொல்வதை இன்னொருவரிடம் மறைப்பீர்களா, நாங்கள் பிரிவதென்று முடிவெடுத்தால் என்ன செய்வீர்கள். நான்கு இடத்தில் கேட்டாள். இரண்டு இடத்தில் எரிச்சலாகப் பதில் வந்தது, அதோடு அந்த இரண்டும் கழிந்தன. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவர்களுக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் கேட்கும் முன்பே கொடுத்தார். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் வைத்துப் படிப்பைக் கணிக்க முடியாது என்பதை 1,000 ரூபாய் கொடுத்துக் கற்றிருந்தோம்.

இடம் கோயமுத்தூரில் ஆர்.எஸ்.புரம் பக்கம், ஒரு வீட்டின் மாடி. வாசலில் திருமணம், தம்பதி என்று எந்த எழுத்தும் இல்லை, அவர் பெயரும் படிப்பும் மட்டும். உள்ளே ஒரே உயரத்தில் மூன்று நாற்காலிகள், முக்கோணமாக. மேசை கிடையாது. கதவுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்பீக்கரில் மழைச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே பேசுவது காத்திருப்பவர் காதில் விழாமலிருக்க அந்த ஏற்பாடு என்றார்கள். குறையும் உண்டு. காத்திருக்கும் பெஞ்ச் வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. ஏறி வருகிறவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். குழந்தையைக் கூட்டிப்போனால் விட இடம் இல்லை. நாங்கள் பாப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுப் போனோம். இன்னொன்று, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணம். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று காலையில் ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னோம், அப்போதும் 1,800 வாங்கினார்கள். விதி முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான். இருந்தாலும் காய்ச்சலுக்குத் தளர்த்தியிருக்கலாம் என்பது இன்றும் என் வருத்தம். அதையும் கூட்டினால் செலவு 21,100.

கட்டணக் கணக்கு: முதல் அமர்வு 90 நிமிடம், 2,500. அடுத்து ஆளுக்கொரு தனி அமர்வு, 50 நிமிடம், தலா 1,200. பிறகு சேர்ந்து எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் 75 நிமிடம், 1,800. பஸ் செலவு தனி. எங்கள் வருமானத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் வாரம் ஒன்று என்று அவர் சொன்னதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக் கேட்டோம், ஒப்புக்கொண்டார். நாள் குறிப்பதிலேயே எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சனிக்கிழமை கம்பெனியில் வாரச் சம்பளம் போடும் நாள், என்னால் நகர முடியாது. மற்ற நாட்களில் அவளுக்கு லீவு கிடைக்காது. ஞாயிறு காலை பத்தரை என்று முடிவானது.

முதல் நாள் உட்கார்ந்ததும் ஒரு படிவம். முப்பத்திரண்டு கேள்வி. கிரஹாம் ஸ்பானியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976இல் உருவாக்கிய அளவுகோல் என்றார். பணம், உறவினர், பாசத்தைக் காட்டுவது, வீட்டு வேலை என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல். பரீட்சை மாதிரி எனக்குக் கை வேர்த்தது. பிறகு ரகசியம் பற்றிப் பேசினார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றாலோ கோர்ட் கேட்டாலோ மட்டும் விலக்கு என்று எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

நான் ஒரு குறைப் பட்டியலோடு போயிருந்தேன். அவளும் வைத்திருப்பாள் என்று தெரியும். மேடம் அதைக் கேட்கவே இல்லை. "முதல் முதல்ல இவரைப் பாத்தது எப்போ? அன்னிக்கு என்ன தோணுச்சு?" என்று மனைவியைக் கேட்டார். நேரம் வீணாகிறது என்று எனக்குள் ஓடியது. பெண் பார்க்க நாங்கள் போன நாளை அவள் சொல்ல ஆரம்பித்தாள். பதட்டத்தில் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாளாம். உள்ளே போய்த்தான் தெரிந்ததாம். எட்டிப் பார்த்தால் நான் மூச்சுவிடாமல் முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேனாம். "சொல்லிக் காட்டாம குடிச்சாங்களே, இவங்க போதும்னு அப்பவே நெனச்சேன் மேடம்." பதினோரு வருஷத்தில் எனக்கு இதைச் சொன்னதில்லை. சர்க்கரை இல்லாதது எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்று அவளுக்குப் பிடித்தது. அதே மௌனத்தைத்தான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை. மேடம் இதை விளக்கவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் விட்டார். நானே என் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

தனி அமர்வு ஏன் என்று பலருக்கும் சந்தேகம் வரும். மனைவியிடம் முதலில் கேட்டது அடி, மிரட்டல், பயம் ஏதாவது உண்டா என்றுதானாம். என்னிடமும் அதையே கேட்டார். அடிக்கிற வீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால், உள்ளே சொன்ன உண்மைக்கு வீட்டுக்குப் போய் அடி விழும். அப்படி இருந்தால் சேர்ந்த அமர்வே நடத்த மாட்டேன், முதலில் பாதுகாப்பு என்றார். பெண்களுக்கான 181 எண்ணும், 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றிய தாளும் அங்கே பெண்கள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பதாக மனைவி சொன்னாள். ஆண் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அதைக் கேட்டுத்தான்.

என் தனி அமர்வில் ஒன்றைச் சொன்னேன். 3 லட்சம் போக, தம்பி வாங்கிய ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தேன். யாருக்கும் தெரியாது. மேடம் முகம் மாறவில்லை. "இதை நான் அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா இதைத் தெரிஞ்சுக்கிட்டு மறைச்சு வெச்சும் என்னால ரெண்டு பேருக்கும் நேர்மையா வேலை செய்ய முடியாது. மூணாவது சேந்த அமர்வுக்குள்ள நீங்களே இங்க வெச்சுச் சொல்லணும். சொல்றதுக்கு நான் உதவி பண்றேன்" என்றார். போனில் மனைவி கேட்ட கேள்விக்கான பதில் இதுதான் என்று பிறகு உறைத்தது. ஒவ்வொருவர் முறை வேறாக இருக்கலாம். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வேண்டிய அந்த ஞாயிறு அவிநாசி ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ் ஊர்ந்து போனது. ஜன்னலோரம் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு வந்தாள். பீளமேடு தாண்டும்போது திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. உள்ளே போய்ச் சொன்னேன். நான்கே வாக்கியம். மேடம் முன்பே என்னை எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தார், தம்பியின் கஷ்டத்தையோ அம்மாவின் வற்புறுத்தலையோ சேர்க்காமல்.

அவள் கத்துவாள் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. கை நடுங்கியது. மேடம் அவளிடம், "இப்போ உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். "கோவம்" என்றாள். "கோவத்துக்குக் கீழ?" வெகு நேரம் கழித்து, "பயமா இருக்கு" என்றாள். அவள் அப்பா ஒருவருக்கு ஜாமீன் போட்டுக் கிணற்றோடு நிலத்தை இழந்தவர். அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஏலம் கூவ வந்த நாளில் எட்டாவது படிக்கிற பிள்ளையாக அவள் வாசலில் நின்றதும், அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தோட்டத்துப் பக்கம் நடந்து போனதும் எனக்குத் தெரியாது. நான் வண்டிச் சாவியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தது என்னை மட்டும் இல்லை. அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. அமர்வு முடிந்து ஸ்ரீ அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி வாங்கி இரண்டு பேரும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அமர்வில் பேசியதை அன்று ராத்திரி வரை திரும்ப எடுக்கக் கூடாது என்பது மேடம் வைத்த விதி. காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு தடவை போனால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த வாரம் வீட்டு நிலைமை முன்பைவிட மோசம். சாப்பாடு போட்டுவிட்டு அவள் மாடிக்குப் போய்விடுவாள். இத்தோடு விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "பாதி பிரிச்சுப் போட்ட தையலை அப்படியே விட்டா ஆகாது மாமா" என்றாள். பனியன் ஊரில் பிறந்தவள் இல்லை, ஆனால் பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாள்.

அடுத்த அமர்வில்தான் என் பழக்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் 1986இல் வீடு மாதிரி ஓர் ஆய்வகம் அமைத்து, தம்பதிகள் பேசிக்கொள்ளும்போது அவர்கள் இதயத்துடிப்பு முதற்கொண்டு அளந்திருக்கிறார். குடும்பத்தை அரிக்கிற நான்கு பழக்கங்களை அவர் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, ஏளனம், தன்னைக் காத்துக்கொள்ளவே பேசுவது, பதிலே சொல்லாமல் சுவர் மாதிரி ஆகிவிடுவது. நான்கில் ஏளனம்தான் மிகக் கொடியது என்பது அவர் கண்டது. சுவராகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றும் கண்டார். வெளியே கல்லாகத் தெரிகிற அந்த ஆளுக்கு உள்ளே இதயம் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் அடித்துக்கொண்டிருக்குமாம். அந்த நிலையில் காதில் விழுவது மூளைக்குப் போகாது. அடங்க இருபது நிமிடமாவது வேண்டும்.

மேடம் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக் கொடுத்தார். அதே பொருள் எங்கள் பீரோவிலும் இருந்தது, 2021 கொரோனா சமயத்தில் வாங்கியது. அடுத்த வாரம் வீட்டில் பேச்சு சூடானபோது அவளே எடுத்து வந்து என் விரலில் மாட்டினாள். இதயத்துடிப்பு 112. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தன வருசமா உங்களுக்கு ஒண்ணுமே ஒறைக்கலைன்னு நெனச்சேன்" என்றாள். பதினோரு அமர்வில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்த விரல் கருவியைத்தான் சொல்வேன்.

அதோடு சேர்ந்த விதி ஒன்று உண்டு. எழுந்து போகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்போது, "எட்டே முக்காலுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறேன். எட்டே முக்காலுக்கு இறங்கிவிட வேண்டும். ஒரு தடவை தவறி ஒன்பதேகால் ஆகிவிட்டது. அன்று அவள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். "நீங்க எப்பவுமே" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை "எனக்கு" என்று ஆரம்பித்துப் பார்க்க வேண்டும். "நீங்க எப்பவுமே தம்பி பக்கந்தான்" என்பது, "எனக்கு இந்த மாசம் பீஸ் கட்டறதுக்குப் பணம் இருக்குமான்னு கவலையா இருக்கு" என்று வந்தபோது, கணக்கு பார்க்கிறவனாகிய என்னிடம் அதற்குப் பதில் இருந்தது.

ஒன்றில் மேடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் வேலிடேட், ஸ்பேஸ், பேட்டர்ன் என்று சொல்லிக்கொண்டே போவார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரான என் மனைவி, "மேடம், இது எங்க வீட்டுச் சண்ட. எங்களுக்கு வர்ற வார்த்தையில சொல்லுங்க" என்றாள். மேடம் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து, "அவங்க சொன்னதை நீங்க ஒத்துக்க வேண்டாம், அவங்க எடத்துல நின்னா அப்படித்தான் தெரியும்னு மட்டும் சொல்லுங்க" என்று வந்தது. சொல்லிக்கொடுப்பவர் மொழியிலிருந்து உங்கள் மொழிக்கு வரவில்லை என்றால் கேளுங்கள். காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பதும் பெரிய விஷயம். "கோயமுத்தூர்ல ஒரு டாக்டரப் பாக்கறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். இரண்டாவது குழந்தைக்காகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அம்மா அவிநாசி கோயிலுக்கு வேண்டுதல் வைத்துவிட்டார். மனைவி அதைக் கேட்டு அழுதாள். அன்றைக்கே உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். "நான் இந்த வீட்ல இருக்கறதுனாலயா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியை அம்மா கவனித்தார். இன்றும் அது எங்களுக்குள் முழுதாக ஆறவில்லை. முடிந்தவர்கள் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு அமர்வை ஆன்லைனில் வைத்துக்கொண்டோம். வீட்டில் முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் பாப்பா. முதலாளியிடம் சாவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கம்பெனியின் சாம்பிள் ரூமில், தொங்கும் டீ சர்ட்டுகளுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். பேச்சு நன்றாகவே நடந்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற ஒன்றரை மணி நேரம் இல்லாமல் போனது. பாப்பாவும் போனும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த நேரம் அந்த ஏழு மாதத்தில் அதுதான். நேரில் போக முடிந்தால் நேரில் போங்கள்.

தம்பி விஷயம் தீர்ந்ததா? தீரவில்லை. நான் மூத்தவன், அவன் கூப்பிட்டால் என் கை பைக்குப் போகும். அவளுக்கு அது உறுத்தும். ஏழாவது அமர்வில் இதைச் சொல்லி நான் சலித்துக்கொண்டபோது மேடம் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. தம்பதிகளுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் கடைசி வரை தீராதவை என்பது காட்மனின் கணக்கு. நன்றாக வாழ்கிறவர்களிடமும் அவை இருக்கின்றன, அவர்கள் அதைப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். 5,000 ரூபாய்க்கு மேல் எந்தப் பக்கத்து உறவுக்குக் கொடுப்பதென்றாலும் இருவரும் பேசித்தான் என்று முடிவு செய்தோம். ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம் கணக்கு நோட்டோடு உட்காருகிறோம். ஜாமீன் போட்ட கடனின் தவணை கட்டிய ரசீதைத் தம்பி மாதாமாதம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று நானே அவனிடம் சொன்னேன். இதுவரை மூன்று மாதம் சரியாக வந்தது, ஒரு மாதம் தாமதம்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். அடி உதை இருக்கிற வீட்டுக்கு இது இல்லை. குடிக்குச் சிகிச்சை எடுக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தாலும் பயன் குறைவு என்று மேடமே சொன்னார். ஒருவர் மனதுக்குள் பிரிவதென்று முடிவு செய்துவிட்டால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நிதானமாகப் பிரியவும் உதவி செய்கிறார்கள், ஆனால் அது வேறு பேச்சு. இவ்வளவு பணம் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். தம்பதி சிகிச்சைக்கு அது மாற்று இல்லை, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்ற நிலை எங்களுக்கு வந்திருக்கிறது, அப்போது அந்த எண் எங்களுக்குத் தெரியாது. கேஸ் போட்டுவிட்டவர்களுக்கு 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அங்கேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். என் மனைவியின் தோழி அப்படிப் போனவள். அந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து எழுதிய மனுக்கள் நடுவில் கிடக்கும் என்பாள்.

கடைசி அமர்வில் அதே முப்பத்திரண்டு கேள்வியை மறுபடி கொடுத்தார். இரண்டு பேர் எண்ணும் ஏறியிருந்தது, அவளுடையது என்னுடையதைவிடக் குறைவாக. அவளுக்கு என் மேல் நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை என்பதை அந்த எண் சொன்னது. அவளும் வாயால் சொன்னாள், "பாதிக்கு மேல வந்திருக்கு" என்று. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். போவதென்று நோட்டில் 1,800 எழுதி வைத்திருக்கிறோம்.

சகலையிடம் யார் மேல் தப்பு என்று அவர் சொல்லவே இல்லை என்றேன். பைப்பை மூடிவிட்டு துண்டில் கை துடைத்தபடி நின்றார். பந்தியில் அவர் மனைவி அவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்ததை நான் கவனித்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம இருப்பாங்களா?"

"இருப்பாங்க. ஆனா போன் பண்ணும்போது ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்பாங்க."

நம்பரை அவர் போனில் நானே பதிந்து கொடுத்தேன்.